மூடுபனியில் ஒரு கல்யாணம், மனத்தில் மாம்பலம்

அவைத்தலைவர் அவர்களே, கோத்தகிரிப் பெரியோர்களே, காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போகிறவன் தன் மனக்குறைகளை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். சென்னையில் 14 ஆண்டுகள், மாம்பலத்து மண்டபங்களிலும் வடபழனிச் சந்நிதிகளிலும் முகூர்த்தம் தவறாமல் படம் எடுத்த காலம் முழுவதும் அந்தச் சொல்லை நான் நம்பினேன். தந்தையின் உடல்நிலை காரணமாக ஊர் திரும்பிய பிறகு, இங்கே நம் நீலகிரியில் வாழும் படுகர் சமூகத்தின் ஒரு திருமணத்தில் அந்த நம்பிக்கை தளர்ந்தது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நான் படம் எடுக்கத் தொடங்கியபோது கையில் கிடைத்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள், ஊட்டி இந்து நகரில் செய்யப்பட்டது. 1960இல் அரசு நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது. ஆனால் இந்த மலையின் குளிரிலும் தூசு குறைந்த காற்றிலும் பூச்சு ஏறிய அந்தச் சுருள்கள் ஒரு காலத்தில் நாடெங்கும் உள்ள ஸ்டுடியோக்களுக்கு இறங்கிப் போயின. நானும் அப்படித்தான் இறங்கிப் போனேன். திரும்பி ஏறி வந்தபோது, விடியும் முன் கோயம்பேட்டுப் பூச்சந்தையில் எழும் இரைச்சலும், ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் உரசி நகரும் கூட்டமும், கடைசி மின்சார ரயிலின் காற்றும் என்னோடு சேர்ந்தே வந்தன. இந்த ஊரின் அமைதி முதல் ஓராண்டு எனக்குத் தூக்கம் தரவில்லை என்பதை உங்கள் முன் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்தத் திருமணம் மணமகன் ஊரில், படுகர் வழக்கப்படி அவர் வீட்டிலேயே நடந்தது. பெரியவர்கள் வெள்ளைத் தலைப்பாகையும் வெள்ளைப் போர்வையுமாக நின்றார்கள், பெண்களும் வெண்ணிற ஆடையில் இருந்தார்கள், அதன்மேல் மூடுபனி. காமிராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணி அளப்பது. வெண்மை சட்டகத்தை நிறைக்கும்போது அதன் சொல்லைக் கேட்டால் கல்யாணமே மங்கிப்போகும். காமிராவுக்குள் விழும் ஒளியை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப், அதாவது இரண்டு முதல் மூன்று மடங்கு வரை, கூட்டி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக விழும். பனிக்குள் காமிராவின் மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் நீர்த்துளிகளே ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்த வேண்டும். குளிரிலிருந்து சமையற்கட்டின் ஆவிக்குள் நுழையும்போது லென்ஸ் வேர்க்கும், துடைக்காமல் பொறுத்திருக்க வேண்டும். மண்டப விளக்கொளியில் பழகியவன் இவற்றையெல்லாம் புதிதாகக் கற்றேன்.

ஆனாலும் காலை எடுத்த படங்கள் எனக்கே பிடிக்கவில்லை. அளவில் பிழை இல்லை. அவற்றில் மனிதர்கள் தொலைவில் நின்றார்கள். மலையையும் தேயிலைச் சரிவையும் பார்த்து எடுத்திருந்தேனே தவிர, முகங்களை நெருங்கவில்லை. சுற்றுலா வந்தவன் எடுக்கும் படம் அது, இந்த மண்ணில் பிறந்தவன் எடுப்பது அன்று.

மணமகள் குடத்தில் நீர் எடுத்து வரும் சடங்குக்கு முன், பனி சற்று விலகட்டும் என்று காத்திருந்தோம். அப்போது அவர், "அண்ணா, நீங்கள் சென்னையில் இருந்தீர்களாமே? நானும் ஆறு வருஷம் கிண்டியில் வேலை பார்த்தேன்" என்றார். சாயங்கால ரயிலில் பெண்கள் பெட்டியில் பூக்காரம்மாவிடம் முழம் முழமாக வாங்கியதையும், மாதக்கடைசியில் அந்த அம்மாவே கடன் கொடுத்ததையும் சொல்லத் தொடங்கினார். "நாளை முதல் அந்த ரயில் இல்லை" என்று சொன்னபோது அவர் கண் நிறைந்தது. அடுத்த நொடியே, கல்யாணத்துக்கு வந்த அலுவலகத் தோழிகள் செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றில் வழுக்கி வருவதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். நான் அழுத்தினேன்.

அதன் பிறகு என் கை மாறியது. இளையவர்கள் குனிந்து வணங்க, பெரியவர்கள் தலைமேல் கை வைத்து நீளமாக வாழ்த்துச் சொல்லும் வேளையில், வாழ்த்தும் கையின் நடுக்கம் தெரியும் அளவுக்குக் கிட்டப் போனேன். பேண்டு வாத்தியத்துக்கு வட்டமாக ஆடியபோது வட்டத்துக்குள்ளேயே நின்று எடுத்தேன். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடித்துக்கொள்ளாமல் நகரக் கற்றிருந்த கால்கள் அங்கே துணை நின்றன. நான் இழந்ததாக எண்ணி ஏங்கிய நெரிசல் அந்த ஆட்டத்துக்குள் இருந்தது. ஏக்கம் இல்லாதிருந்தால் அதைத் தேடி உள்ளே போயிருக்க மாட்டேன்.

ஆல்பம் கொடுக்கப் போன நாளில் அந்தப் பெண் எல்லாப் பக்கங்களையும் விரைவாகப் புரட்டி, குடத்தோடு சிரிக்கும் அந்த ஒரு படத்தில் நிறுத்தினார். ஓரத்தில் பனிக்குள் பாதி மறைந்த தோழியின் செருப்பு மட்டும் தெரிகிறது. வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணா, அது கிண்டியில் வாங்கியது" என்றார். அவர் அனுமதியோடு, செருப்பும் சேர்ந்த அந்தப் படத்தை இந்த அரங்கின் வாசலில் இடப்பக்கம் மாட்டியிருக்கிறோம்.