பக்கத்து ஊர்ப் பையனுக்கு ஒரு பாஸ்

வணக்கம். பின்னால் கேட்பது கடல் இரைச்சல், பொறுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்க் கடற்கரையில் நிற்கிறேன். சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று மீனவ ஊர்கள் இங்கே சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிகிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. கால்பந்தாட்டம் தொடங்கினால் தெரிந்துவிடும்.

பக்கத்து ஊரிடம் தோற்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அன்று சோறு இறங்காது. அந்த ரோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மணலில் பந்து உருளாது. காலைப் பிடித்து இழுக்கும். அதிலும் ஓடி ஓடிப் பழகுகிறார்கள் என்றால் ரோஷம்தான் காரணம். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்திய அணிக்குப் போனார். அவரும் சகோதரர் மைக்கேல் ரெஜினும் 2019-20 பருவத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியில் ஒன்றாக இருந்தார்கள். அந்த ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பை அந்த அணிக்கே.

என் கவலை வேறு. 14 வயதுக்குட்பட்டவர்களைப் பல ஊர்களிலிருந்து சேர்த்துப் பயிற்சி தருகிறேன். போன வாரம் இடது ஓரத்தில் ஒருவன் தனியாக நின்று கையைத் தூக்கினான். நடுவில் பந்து வைத்திருந்தவன் அவனைப் பார்த்தான். கண் போனதை நானே கண்டேன். பார்த்துவிட்டுத் தானே அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து கரையேற்றிய வள்ளத்துக்குள் விழுந்தது.

மாலையில் தனியாகக் கேட்டேன். "அவன் ஊர் ஜெயித்த அன்று என் அப்பாவைப் பார்த்துக் கேலி செய்தார்கள் அண்ணா" என்றான். கேலி செய்தது பையன்கள் இல்லை, பெரியவர்கள். கோட்டுக்கு வெளியே நின்று வாய்க்கு வந்தபடி பேசும் பெரியவர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நிறுத்துங்கள். நீங்கள் வீட்டுக்குப் போய் மறந்துவிடுகிறீர்கள். ஆழ்கடலில் தூண்டில் கயிறு இழுக்கும்போது பக்கத்தில் நிற்பவன் எந்த ஊர் என்று நீங்கள் கேட்பதில்லையே!

மறுநாள் ஒரு விதி வைத்தேன்: வேறு ஊர்ப் பையன் கொடுத்த பந்தில் அடித்தால்தான் கோல். இரண்டு நாள் ஒரு கோலும் விழவில்லை. இன்று நடுப் பையன் பல்லைக் கடித்துக்கொண்டு இடது ஓரத்துக்கு ஒன்று கொடுத்தான். வேண்டுமென்றே வேகமாக அடித்தது போல் இருந்தது. மற்றவன் நெஞ்சில் வாங்கி, காலில் இறக்கி, வலைக்குள் தள்ளினான். இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்த நடுப் பையன், பாட்டிலை மூடாமல் மற்றவன் பக்கம் நீட்டினான்.

சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது. காட்சிகளோடு வருகிறேன்.