பந்தை முட்டிய தலைக்கு வயதாகும்போது

(கோத்தகிரியில் கால்பந்து ஆட்டக்காரர்களும் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பயிற்சி முடித்து ஜெர்சியோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

கெர்ட் முல்லரை இங்கிருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேற்கு ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68 கோல் போட்டவர். 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தைச் சாய்த்த கோலும் அவருடையதுதான். அவருக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் என்று 2015-ல் பயர்ன் மியூனிக் கிளப் அறிவித்தது. 2021 ஆகஸ்டில், 75 வயதில் காலமானார். 1966-ல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நாபி ஸ்டைல்ஸ், சார்ல்டன் சகோதரர்கள் ஜாக்கும் பாபியும். இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினோரு பேரில் இந்த ஐந்து பேருக்கு மறதி நோய் வந்தது. நம் நாட்டிலும் உண்டு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் பி.கே. பானர்ஜி 2020-ல் இறந்தபோது நிமோனியாவோடு பார்க்கின்சன் என்னும் நடுக்க நோயும் மறதி நோயும் இருந்தன. மைதானமே 'படே மியான்' என்று கூப்பிட்ட ஹைதராபாத் முகமது ஹபீப் 2023-ல் இறந்தார். அவருக்கும் அதே இரண்டு நோய்கள்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் பந்துதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. மறதி நோய் பந்தைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கால்பந்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லும் காலம் முடிந்துவிட்டது.

இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் அணியின் ஜெஃப் ஆஸ்டில் தலையால் கோல் போடுவதில் பேர்போனவர். 2002-ல் 59 வயதில் இறந்தார். திரும்பத் திரும்பப் பந்தை முட்டியதால் வந்த தொழில்சார் நோய் என்றே மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். 2019-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரை, அதே வயது, அதே வசதியுள்ள பொதுமக்கள் 23,028 பேரோடு ஒப்பிட்டது. மூளை நரம்பு சிதையும் நோய்களால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் மூன்றரை மடங்கு அதிகம். இந்த எண்ணைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். அசல் அளவையும் கேளுங்கள். ஆட்டக்காரர்களில் 1.7 சதவீதம், மற்றவர்களில் 0.5 சதவீதம். மாரடைப்பால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் குறைவாகவே இருந்தது. ஆகவே பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதே குழு 2021-ல் மைதானத்தில் ஆடும் இடவாரியாகப் பிரித்துப் பார்த்தது. டிஃபெண்டர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. கோல்கீப்பருக்குப் பெரிதாகக் கூடவில்லை. பந்தைக் கையால் பிடிப்பவருக்கும் தலையால் முட்டுபவருக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதுதான் ஹெட்டிங் மேல் சந்தேகத்தை அழுத்தமாக நிறுத்துகிறது.

மலையில் ஆடும் நாம் இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். விதிப்படி பந்தின் எடை 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் (atm) வரை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடுக்கும் காற்று குறைந்தால் தூக்கி அடித்த பந்து வேகம் அதிகம் இழக்காமல் தலைக்கு வந்து சேரும். மேட்டுப்பாளையத்தில் காற்றடித்துக் கொண்டுவந்த பந்து மேலே வந்ததும் இன்னும் விறைக்கும், ஏனென்றால் வெளியழுத்தம் குறைந்துவிட்டது. ஆகவே இங்கே வந்தபின் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பாருங்கள். சிறுவர் பயிற்சிக்கு 0.6-க்குப் பக்கத்தில் வையுங்கள். பழைய தோல் பந்து மழையில் நீர் குடித்துக் கனக்கும். ஐப்பசி மழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கமும் ஆடி மழையில் கூடலூர், பந்தலூர் பக்கமும் ஆடிய மூத்தவர்களுக்கு அந்தக் கனம் நினைவிருக்கும். இன்றைய பந்து அந்த அளவுக்கு நனையாது. ஆனால் வேகமாக வரும்.

அமெரிக்காவில் 10 வயது வரை ஹெட்டிங்கே கூடாது என்று 2015-ல் முடிவெடுத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை 2020-ல் எடுத்துவிட்டன. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே பலமான ஹெட்டர் பயிற்சியில் வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்று 2021-ல் இங்கிலாந்து வழிகாட்டியது. நம் கோச்சுகள் இதற்கு எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சியில் கார்னர் அடித்து அடித்து ஒரே பையனை முப்பது தடவை முட்ட வைப்பதை நாளையே நிறுத்தலாம். தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும் அன்றைக்கு அவன் திரும்ப இறங்கக் கூடாது. அன்றிரவு வாந்தி எடுத்தால், எழுப்பினால் எழாமல் மயங்கினால், தலைவலி ஏறிக்கொண்டே போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி வீட்டில் இருக்கும் பெரியவருக்கு வருகிறேன். இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச வந்தது அவரைப் பற்றித்தான்.

'வயசாயிடுச்சு, அதான்' என்ற சொல் பல வருடங்களைத் தின்றுவிடுகிறது. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. சாவி எதற்கு என்று தெரியாமல் கையில் வைத்துப் பார்ப்பது நோய். பால் கணக்குத் தப்புவது, பழகின ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) போகும் பாதையில் திரும்பத் தெரியாமல் நிற்பது, சாந்தமான மனிதருக்குத் திடீரென மூக்கின்மேல் கோபம் வருவது, பேச்சின் நடுவே பொருளின் பெயர் கிடைக்காமல் 'அது, அது' என்பது. ஆறு மாதத்தில் இவை கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டுங்கள். தலையில் அடி வாங்கிய ஆட்டக்காரர்களிடம் சில சமயம் மறதிக்கு முன்பே கோபமும் மனச்சோர்வும் தலைகாட்டும். வீட்டார் அதைக் குணம் என்று நினைத்து மனம் கசந்துபோகிறார்கள்.

மறதி என்று வந்தவர்களில் சிலருக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும். அதை முதலில் தேட வேண்டும். தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, எல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரியும். காது கேட்காமல் போனாலே மனிதர் பாதி மறந்தவர் போலத் தெரிவார். தூக்க மாத்திரையும், கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையும் வயதானவரின் மூளையைக் குழப்பும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். இன்னொன்று முக்கியம். படியில் லேசாக வழுக்கித் தலை இடித்திருப்பார், காயமே இருக்காது. மூன்று நான்கு வாரம் கழித்துத் தூங்கித் தூங்கி விழுவார், நடை தள்ளாடும். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து மூளையை அழுத்துவது அது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இது எளிதில் வரும். ஸ்கேனில் தெரியும், ஆபரேஷனில் பெரும்பாலும் சரியாகும்.

மறதி நோய்தான் என்று உறுதியானால் டோனபெசில் போன்ற மாத்திரை தருவார்கள். அது நோயைப் போக்காது. சிலருக்குச் சில காலம் தெளிவைத் தாங்கிப் பிடிக்கும். ஆட்டக்காரர் வீட்டார் கட்டாயம் சொல்ல வேண்டியது நாடித்துடிப்பு. இளமையில் நிறைய ஓடியவர்களில் சிலருக்கு நாடி இயல்பாகவே மெதுவாக இருக்கும். இந்த மாத்திரை அதை இன்னும் மெதுவாக்கி மயக்கம் போட்டு விழவைக்கலாம். ஆரம்பிக்கும் முன் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

விழுவது சின்ன விஷயமல்ல. பாபி சார்ல்டன் 2023-ல் இறந்ததற்கு, பராமரிப்பு இல்லத்தில் கீழே விழுந்து பட்ட காயமே காரணம் என்று விசாரணையில் பதிவானது. எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் நான்கு படி, குளியலறைக்கு இரண்டு படி, நடுவில் ஈரப்பாசி. படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள், கைப்பிடி வையுங்கள். குளிருக்குப் போட்ட கம்பளிக் காலுறையோடு வழவழப்பான தரையில் நடக்க விடாதீர்கள். அடியில் ரப்பர் பிடிப்புள்ள செருப்பு, குதிகாலைக் கவ்வும் வாருடன், வேண்டும். பழைய ஆட்டக்காரர்களின் முட்டி தேய்ந்திருக்கும். வலிக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. சாயங்காலம் ஆனால் கத்துகிறார், அடிக்க வருகிறார் என்பார்கள். முதலில் முட்டியைத் தொட்டுப் பாருங்கள், முகம் சுளிக்கிறாரா என்று. வலிக்கு மருந்து கொடுத்த பின் அந்தக் கத்தல் பல பேருக்கு அடங்குகிறது. அதைப் பார்க்காமல் அடக்கி வைக்கும் மருந்து கேட்டு வாங்காதீர்கள். அந்த வகை மருந்துகள் இந்த நோயாளிகளுக்குப் பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

மலைக் குளிருக்கென்று சில காரியங்கள். மூடிய அறையில் கரிக் கணப்பு கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். மூச்சு முட்டுகிறது என்று எழுந்து கதவைத் திறக்க இவருக்குத் தோன்றாது. வெந்நீர்ப் பையைத் துணி சுற்றிப் படுக்கையில் வைத்து, அவர் படுக்கும் முன் எடுத்துவிடுங்கள். சூடு தாங்கவில்லை என்று சொல்ல முடியாதவருக்குத் தோல் வெந்துபோகும். குளிரில் தாகம் தெரியாது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அதிலிருந்து ஒரே நாளில் தலைகீழான குழப்பம். நேற்று வரை பேசியவர் இன்று சுவரோடு பேசினால் நோய் முற்றியது என்று முடிவு கட்டாதீர்கள், சிறுநீரைப் பரிசோதியுங்கள். இதயமோ சிறுநீரகமோ காரணமாக டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவரை, நாளுக்கு ஒன்றேகால் ஒன்றரை லிட்டர் இளஞ்சூடாகக் கொடுங்கள். மஞ்சு (மூடுபனி) இறங்கினால் நான்கு மணிக்கே இருட்டும், அவருடைய தவிப்பும் அப்போதே தொடங்கும். மூன்றரைக்கே எல்லா விளக்கையும் போட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுங்கள்.

வெளியே போய்விட்டால்? கதவில் ஒரு மணி கட்டுங்கள். ஸ்வெட்டரின் உள்பக்கம் பெயரும் போன் நம்பரும் தைத்துவிடுங்கள். இந்த மாதம் எடுத்த முழு உருவப் படம் ஒன்று போனில் இருக்கட்டும். ஆளைக் காணவில்லை என்றால் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் தேடுங்கள். அதற்குள் ஒருவர் மைதானத்துக்கு ஓடட்டும், பழைய ஆட்டக்காரர் அங்கேதான் போயிருப்பார் என்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. கிடைக்காவிட்டால் 112-க்குச் சொல்லுங்கள், பஸ் ஸ்டாண்டிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் வனத்துறை ஊழியரிடமும் சொல்லுங்கள். ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் இறங்கும் ஊர் நம்முடையது.

நோய் முற்றியபின் பலரையும் கொண்டுபோவது நிமோனியா. விழுங்கும் தசை தளர்ந்து சாப்பாடு மூச்சுக்குழலுக்குள் போவதால் வருவது. படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நேராக உட்காரவைத்து, தாடை சற்றுக் கீழே இருக்க, சின்ன ஸ்பூனில் அரை ஸ்பூன். விழுங்கியதும் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது. வெறும் தண்ணீர்தான் அதிகம் புரையேறும். ராகிக் கூழ் பதத்தில் இருப்பது எளிதாக இறங்கும். முடிந்து அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். சாப்பிட்டபின் குரல் நீர் கோத்தது போலக் கரகரத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சொத்து, வங்கி விஷயங்களை ஆரம்பத்திலேயே முடியுங்கள். கணவன் மனைவி இருவரில் எவரும் இயக்கும் கணக்கு, நாமினி, உயில், எல்லாம் அவர் தெளிவாக இருக்கும்போதே. பவர் பத்திரம் எழுதிக்கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். எழுதியவரின் மனத்தெளிவு போனால் சட்டப்படி அதுவும் போய்விடும்.

இத்தனையையும் சுமப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெண். மனைவி, மகள் அல்லது மருமகள். அவர் தூங்குகிறாரா என்று கேட்க ஊரில் ஆளில்லை. கிளப்பில் இருக்கும் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பெரியவரோடு உட்காருங்கள், அந்த அம்மா வெளியே போய்வரட்டும். போகும்போது பழைய குழுப்படங்களை எடுத்துப்போங்கள். ஸ்காட்லாந்தில் பழைய ஆட்டங்களின் படங்களை வைத்து மறதி நோயாளிகளைப் பேசவைப்பதை ஒரு இயக்கமாகவே நடத்துகிறார்கள். ஆனால் 'இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்' என்று பரீட்சை வைக்கக் கூடாது. விடை வராதபோது அவர் கூனிக் குறுகுவார். 'இது நம்ம கோல்கீப்பர், என்னமா பாய்வான்' என்று நீங்களே ஆரம்பித்துக் கொடுங்கள். மெத்தென்ற பந்து ஒன்றை நாற்காலிக்கு முன்னால் மெதுவாக உருட்டுங்கள். பெயர் மறந்தவரின் கால் உள்பாதத்தால் அதைத் திருப்பி அனுப்பும். உடலில் பதிந்த பழக்கம் நெடுநாள் நிற்கும். வீட்டாருக்கு ஆலோசனை வேண்டுமென்றால் முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

கடைசியாக, கௌரவிப்பு. டோர்னமெண்ட் இறுதி நாளில் பழைய நட்சத்திரத்தை மேடையேற்றி மாலை போடுவது நம் வழக்கம், அன்பால் செய்வதுதான். ஸ்பீக்கர் சத்தம், பட்டாசு, கழுத்தில் கனக்கும் மாலை, சுற்றிலும் தெரியாத முகங்கள், கையில் திணித்த மைக். அவருக்கு அது திகில். மிரண்டு கத்திவிட்டால் ஊர் முழுக்க வீடியோவாகச் சுற்றும். அதற்குப் பதில் காலை பத்து மணி சுமாருக்கு, முதல் ஆட்டத்துக்கு முன்னால் அழைத்து வாருங்கள். வருமுன் கழிப்பறைக்குப் போய்வரட்டும். மேடை வேண்டாம், கோட்டோரம் கைவைத்த நாற்காலி போதும். பக்கத்தில் தினமும் பார்க்கும் முகம் ஒன்று இருக்கட்டும். இளைய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக முன்பக்கமாக வந்து, பெயர் சொல்லி, கையைப் பிடிக்கட்டும். மாலைக்குப் பதில் சால்வை, குளிருக்கும் ஆகும். பத்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். அழைப்பிதழில் அவர் பெயரை அச்சடிக்கும் முன் வீட்டில் கேட்டுவிடுங்கள், எந்த நேரம் அவருக்குத் தெளிவாக இருக்கிறது, யார் கூட வருவார் என்று. அன்று காலை முடியவில்லை என்றால் சால்வையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.