தொண்ணூறில் ஒன்பது எங்கே? முட்டைப் பெட்டியும் ஒரு பிள்ளையின் கணக்கும்

(திரையில் 95 என்ற எண்.)

இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொண்ணூற்றைந்து. பினாங்கில் என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் இதைச் சொன்னபோது, டவுன் சின்ட்ரோம் உள்ள அவருடைய ஒன்பது வயது மகன் தாளில் 105 என்று எழுதினான். தவறு என்றேன். "நூத்தஞ்சுன்னுதானே மாமா சொன்னீங்க?" என்று கேட்டான். அவன் கேட்டது சரி. தொண்ணூற்றைந்து என்ற சொல்லுக்குள் நூற்றைந்து முழுதாக உட்கார்ந்திருக்கிறது.

வணக்கம். கூட்டல் கழித்தலில் தடுமாறும் சிறப்புப் பிள்ளைக்குப் பத்து என்பதை எப்படிக் கண்ணால் காணச் செய்வது என்பதே இன்றைய விளக்கம். சமூக நல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் ஓகேயு அட்டை, பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பு ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. நேராக மேசைக்குப் போவோம்.

முதலில் காது. தமிழ் எண்ணுப் பெயர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் துணை நிற்பவை. பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும் கேட்கின்றன. ஆங்கிலத்தின் லெவன், டுவெல்வ் இரண்டிலும் பத்து கேட்பதே இல்லை. இருபது, முப்பது என்று எண்பது வரை ஒழுங்காக ஏறி வரும் தமிழ், ஒன்பதைத் தொட்டதும் வழி மாறுகிறது. ஒன்பது என்ற சொல்லில் பத்தின் ஒலி இருக்கிறது, தொண்ணூறில் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது. மூன்றுமே தமக்கு அடுத்த படியின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. இதை முதன்முதலாகக் கவனித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் மனப்பாடமாகத் தாண்டிவிட்ட இந்த இடத்தில்தான், விதியை நம்பி நடக்கும் பிள்ளை தடுக்கி விழுகிறது.

நம் பிள்ளைகளின் காதில் மலாயும் விழுகிறது. மலாயில் தொண்ணூறு செம்பிலான் பூலோ, அதாவது ஒன்பது பத்து. அந்த ஒழுங்கை நாம் தமிழிலேயே செய்து கொடுக்கலாம். எங்கள் வீட்டில் சில மாதங்களாக ஒவ்வொரு பத்துக்கும் இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்கிறோம்: இரண்டு பத்து, இருபது, ஒன்பது பத்து, தொண்ணூறு.

ஆனால் காது மட்டும் போதாது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் கேட்டதை நினைவில் நிறுத்துவது கடினம். பார்த்ததை நிறுத்துவது அதைவிட எளிது. அதற்கான கருவி உங்கள் குளிர்பெட்டியிலேயே இருக்கிறது.

(திரையில், பத்து முட்டை கொள்ளும் காலிப் பெட்டி, பக்கத்தில், சொங்காக் என்ற மலாய்க் குழிப்பலகை விளையாட்டின் சோழிகள்.)

மேலே ஐந்து குழி, கீழே ஐந்து குழி. மூன்று நான்கு பொருள்களை நம் கண் எண்ணாமலே அறியும், அதற்கு மேல் போனால் தடுமாறும். அதனால்தான் ஐந்து ஐந்தான வரிசை கைகொடுக்கிறது. ஏழு சோழிகளை வைத்தால் மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு நிற்கும், மூன்று குழிகள் காலியாக இருக்கும். தொடக்கத்தில் கூட்டலே வேண்டாம். காலி எத்தனை என்று மட்டும் கேளுங்கள். விரலை மடக்கி எண்ணினால் எண்ணட்டும். விரலை மடக்காதே என்று அதட்டிய ஒரு வகுப்பிலிருந்து அக்கா மகன் அழுதுகொண்டே வந்தது இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

பிறகு எட்டும் ஐந்தும். பெட்டியில் எட்டு, அவன் உள்ளங்கையில் ஐந்து. காலியாக உள்ள இரண்டு குழிகளும் அவனைத் தாமே கூப்பிடுகின்றன. இரண்டு சோழிகளை அவற்றில் போடுகிறான், கையில் மூன்று மிஞ்சுகிறது. பெட்டி பத்து, கை மூன்று, பதின்மூன்று. விடையின் பெயரையும் தமிழே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

காசு வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். செய்யுங்கள், ஆனால் இதற்குப் பிறகு. 2012இல் வந்த மலேசிய நாணய வரிசையில் 5 காசும் 10 காசும் ஒரே வெண்மை, விட்டத்தில் வேறுபாடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு என்பதைக் கண் எப்படி அறியும்? முதலில் 10 காசு நாணயங்களை மட்டும் எடுத்து, பெட்டியின் பத்துக் குழிகளையும் நிரப்பி, அதற்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தாளை மாற்றிக் கொடுங்கள்.

முட்டைப் பெட்டிகளைத் தயவுசெய்து வீசிவிடாதீர்கள். பத்துப் பெட்டிகள் சேர்ந்த நாளில் அவற்றை மேசையில் வரிசையாக வைத்து, ஒன்பதை நிரப்பி, பத்தாவதில் ஐந்து சோழிகளை மட்டும் போட்டேன். "தொண்ணூற்றைந்து" என்றேன். அவன் நிறைந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி 9 எழுதினான், கடைசிப் பெட்டியைப் பார்த்து 5 எழுதினான். "நூறு எங்கே?" என்று கேட்டேன். பத்தாவது பெட்டியின் காலிக் குழிகள் ஐந்திலும் ஒவ்வொன்றாக விரலை விட்டுக் காட்டி, "இன்னும் வரல மாமா" என்றான்.