நட்டு நாலு, முறிந்தது ஒன்று

வணக்கம் நேயர்களே. ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் பட்டறை வைத்திருப்பவன் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், பேசச் சொன்ன விஷயம் வீல் ஸ்டட், அதாவது சக்கர நட்டு ஏறுகிற மரைக் கம்பி. இதற்கெல்லாமா ரேடியோவில் நேரம் என்று சிலர் நினைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வருகிற வண்டிகளைப் பார்த்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். பிரேக் கருகின நாற்றத்தோடு வருவது பாதி. ஸ்டீயரிங் உதறுகிறது, முன்னால் டக் டக் என்று சத்தம் கேட்கிறது என்று வருகிறவற்றில் ஒன்றிரண்டுக்குச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், வீல் கப்பை எடுத்தாலே போதும், நாலு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கும்.

அப்போது வண்டிக்காரர் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணா, நாலுல ஒண்ணுதானே போச்சு, மூணு தாங்காதா?"

தாங்குமா தாங்காதா என்று சொல்வதற்கு முன்னால், சக்கரம் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம். சக்கரத்தின் பாரம் அந்த நாலு கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் ஒரு மயிரிழை நீள்கிறது, நீண்டது சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்போடு, அதாவது சக்கரம் உட்கார்ந்து சுற்றுகிற நடுத்தட்டோடு, சேர்த்து அழுத்தி வைக்கிறது. முறுக்கை நியூட்டன் மீட்டர் கணக்கில் அளப்போம். 12 மில்லி ஸ்டட்டில் 85 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால், ஒரு ஸ்டட்டின் இழுப்பு மட்டும் ஏறத்தாழ மூன்றரை டன் வரும். நாலும் சேர்ந்தால் 14 டன். இந்த அழுத்தம் இருக்கிற வரைக்கும் சக்கரமும் ஹப்பும் ஒரே கட்டி, ஸ்டட் வளைவதற்கு வேலையே இல்லை. நட்டு தளர்ந்தால்தான் வினை. சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் இப்படி ஒரு தரம் அப்படி ஒரு தரம் வளையும், வளைந்து வளைந்து ஒரு ஓரத்தில் வெடிப்பு விழும், அது உள்ளே ஊர்ந்து ஊர்ந்து ஒரு நாள் பட்டென்று போகும். அது போனதும் பக்கத்தில் இருப்பதற்கு அந்தச் சுமையும் சேரும். ஆகவே மூன்று தாங்குமா என்றால், அந்த மூன்றும் எந்த நிலைமையில் இருக்கின்றன என்று பார்க்காமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. மேலே ஏரிக்கரையில் வைத்து ஒன்று போயிருப்பதைப் பார்த்தால், அதோடு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வராதீர்கள். அங்கேயே ஒரு ஆளைப் பிடியுங்கள், இல்லையென்றால் கீழேயிருந்து வரச் சொல்லுங்கள். வாடகை கொஞ்சம் போகும், போகட்டும்.

நம் ஊரில் ஓடுகிற சின்ன கார்கள் முக்கால்வாசி முன்சக்கர இழுவை வண்டிகள். இழுப்பதும் முன் சக்கரம், திரும்புவதும் முன் சக்கரம், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையும் முன் சக்கரத்துக்கே. இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் அது இன்னும் கூடும். அதனால் தளர்ந்த நட்டு பின்னால் இருந்தால் கொஞ்ச நாள் ஒளிந்திருக்கும், முன்னால் இருந்தால் மலை ரோடு சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, ஏன் முறிகிறது? என் அனுபவத்தில் ஸ்டட் முறிகிற இடம் ரோடு, ஆனால் கெடுகிற இடம் டயர் கடை. நட்டு முறுக்குகிற காற்று கன்னை வைத்து டர்ர்ர் என்று அடித்து, போதாதற்கு இன்னும் இரண்டு டர்ர். அரை இஞ்ச் கன் 400, 500 நியூட்டன் மீட்டர் தருவது சாதாரணம். மாருதியின் சின்ன வண்டிகள் பலவற்றுக்குக் கையேட்டில் போட்டிருப்பது 85தான், ஹோண்டாவுக்கு 108. கன்னே இல்லாத பஞ்சர் கடையில் என்ன செய்கிறார்கள்? வீல் ஸ்பேனரை மாட்டி, அதன் நுனியில் ஏறி நிற்கிறார்கள். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 70 கிலோ ஆள் சும்மா ஏறி நின்றாலே 170க்கு மேல் போய்விடும், அதாவது கேட்டதைப் போல இரண்டு மடங்கு. அது அந்த ஸ்டட்டின் இரும்பு தாங்குகிற எல்லையை ஒட்டிய இடம். ஏறி நின்றதோடு விடாமல் இரண்டு குதி குதித்தால் எல்லை தாண்டியாயிற்று. இதில் மரைக்கு எண்ணெய் வேறு போட்டிருந்தால், வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் அதே முறுக்குக்கு இழுப்பு இன்னும் கூடும். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று கிரீஸ் தடவுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, நல்லெண்ணம்தான், ஆனால் கையேட்டில் சொல்லாவிட்டால் மரை காய்ந்தே இருக்கட்டும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தால் போதும்.

எல்லை தாண்டி நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. மரையின் இடைவெளி மாறிப்போய், நட்டு கையால் பாதி வரை ஓடும், அப்புறம் இறுகி நிற்கும். நல்ல ஸ்டட் ஒன்றை அதன் பக்கத்தில் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பல் பல்லோடு உட்காராது. அது முறியாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான்.

முறிந்த துண்டு கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், அதில்தான் கதை இருக்கிறது. முறிந்த முகத்தில் ஒரு ஓரத்திலிருந்து பிறை பிறையாகக் கோடுகள் பரவியிருந்து, மீதி இடம் சொரசொரப்பாக இருந்தால் அது நாள்பட்ட வெடிப்பு, நட்டு ரொம்ப நாளாகத் தளர்ந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கோடு எதுவும் இல்லாமல் திருகிப் பிய்த்த மாதிரி இருந்தால் அது முறுக்கியதில் போனது. முதல் வகை என்றால் ஒன்றை மட்டும் மாற்றி அனுப்புகிற மெக்கானிக்கிடம் போகாதீர்கள், அந்தச் சக்கரத்தின் நாலையும் மாற்றச் சொல்லுங்கள். சக்கர ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, நட்டு உட்காருகிற சரிவு பளபளவென்று அரைபட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த சக்கரத்தில் புது ஸ்டட் போட்டு என்ன பிரயோஜனம், திரும்பத் தளரும், திரும்ப முறியும்.

இப்போது வேலைக்கு வருவோம். முன்சக்கர இழுவை வண்டியில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டட் என்பது முன்னாலிருந்து திருகுகிற சாமான் இல்லை. ஹப் தட்டுக்குப் பின்னாலிருந்து நுழைத்து, கழுத்தில் இருக்கிற பற்கள் ஓட்டையைக் கடித்துக்கொண்டு நிற்கும்படி அழுத்தி ஏற்றியது. வெளியே எடுக்க வேண்டுமானாலும் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். ஆனால் ஹப்புக்குப் பின்னால் உடனே அதைத் தாங்குகிற நக்கிள், அதற்குள் பேரிங், அதற்குள் சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்ட். இடமே இருக்காது, தூசித் தகடு வேறு மறைக்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கரத்தை எடுத்ததும் பிரேக் கட்டைகளைப் பிடித்திருக்கிற காலிப்பரைக் கழற்றி ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்க விட்டால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. அடுத்து பிரேக் டிஸ்க். துருவில் ஒட்டியிருந்தால் சுத்தியலால் அறையாதீர்கள், நிறைய டிஸ்க்குகளில் இரண்டு மரை ஓட்டை சும்மா இருக்கும், 8 மில்லி போல்ட்டை இரண்டிலும் மாற்றி மாற்றி முறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும். பழைய வண்டிகள் சிலவற்றில் டிஸ்க்கை ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டிருப்பார்கள், அதில் இந்த வழி நடக்காது.

டிஸ்க் வந்ததும் ஹப்பைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். காலிப்பர் இருந்த பக்கம் பெரும்பாலும் ஒரு இடைவெளி கிடைக்கும். ஸ்டட்டின் தலை அந்த இடைவெளிக்கு நேராக வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். இப்போது புல்லரோ சி கிளாம்ப்போ போட்டு அழுத்தி வெளியே தள்ள வேண்டும். எங்கள் பையன்களுக்கு இங்கேதான் கை அரிக்கும், பெரிய சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டால் வந்துவிடும் என்பார்கள். வந்துவிடும்தான். ஆனால் அந்த அடி முழுக்கப் பேரிங் குண்டுகள் வழியாகத்தான் போகும், குண்டு ஓடுகிற பாதையில் குழி விழும், கொஞ்ச நாளில் ஊம் என்று ஒரு சத்தம் ஆரம்பிக்கும். 100 ரூபாய் சாமானை மாற்றப் போய் பேரிங்குக்குச் செலவு. கேஸ் வெல்டிங் நெருப்பு காட்டுவதும் அப்படித்தான், பேரிங் கிரீஸ் உருகிவிடும், பக்கத்தில் சக்கரச் சுற்றைக் கவனிக்கிற ஏபிஎஸ் சென்சார் இருந்தால் அதுவும் போகும்.

எப்படிச் சுற்றினாலும் தலை வெளியே வர இடம் இல்லாத வண்டிகளும் உண்டு. அதற்கு ஆக்சில் நட்டைக் கழற்றி நக்கிளையே இறக்க வேண்டியதுதான். பிரஸ்ஸில் ஹப்பைத் தள்ளும்போது பேரிங்கின் உள் வளையம் ஹப்போடு சேர்ந்து வந்துவிடும், அந்தப் பேரிங்கைத் திரும்பப் போடக் கூடாது. ஆக்சில் நட்டும் ஓரம் தட்டிப் பூட்டுகிற வகை என்றால் புதுசு வாங்குங்கள். ஒரு ஸ்டட்டுக்கு இவ்வளவு பில்லா என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேலை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மெக்கானிக் சொல்லிவிட வேண்டும்.

புது ஸ்டட் வாங்கும்போது விட்டம் ஒன்று பார்த்தால் போதாது. மாருதி சுசுகியில் 12 மில்லி, மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லி. ஹூண்டாய், ஹோண்டாவின் சின்ன கார்களில் 12 மில்லிதான், ஆனால் மரை 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், மாற்றி முறுக்கினால் இரண்டு சுற்று ஓடிப் பிறகு மரையைத் தின்றுவிடும். கழுத்துப் பல்லின் விட்டமும் நீளமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய ஸ்டட்டைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, எதைக் கேட்டாலும் கடைந்து கொடுப்பார்கள், அவர்கள் கைவேலையை மதிக்கிறேன், ஆனால் வீல் ஸ்டட்டை மட்டும் கடைந்து வாங்காதீர்கள். அது சூடேற்றிப் பதம் கொடுத்த இரும்பு, மரையைக் கடைந்து வெட்டாமல் உருட்டி எழுப்பியிருப்பார்கள். முறிந்ததன் மேல் வெல்டிங் வைப்பதையும், ஹப்பில் சுற்றுகிற ஸ்டட்டின் தலையைப் பின்னால் பற்றவைத்து நிறுத்துவதையும் பார்த்திருக்கிறேன். பதம் போன இரும்பில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது நியாயமா? ஸ்டட் ஓட்டையிலேயே சுற்றுகிறது என்றால் ஓட்டை பெருத்துவிட்டது, ஹப்பைத்தான் மாற்ற வேண்டும்.

புது ஸ்டட்டைப் பின்னாலிருந்து நுழைத்து, பழைய ஸ்டட்டின் பற்கள் போட்ட தடத்தில் இதன் பற்கள் விழுகின்றனவா என்று விரலால் திருப்பிப் பார்த்து, முன்னால் கனமான வாஷர் நாலைந்து அடுக்குங்கள், வாஷர்களுக்கு இடையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ். ஒரு பழைய நட்டைத் தலைகீழாக, தட்டைப் பக்கம் வாஷரில் படும்படி போட்டு, கை ஸ்பேனரால் மெதுவாக இழுங்கள். இங்கே கன் வேண்டவே வேண்டாம், வண்டியில் ஏறுவதற்கு முன்னாலேயே புது ஸ்டட் நீண்டுவிடும். தலை தட்டோடு சேர்ந்ததும் ஸ்பேனரில் கை சட்டென்று இறுகுவது தெரியும், அதோடு நிறுத்திப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரு நகம் நுழைகிற இடைவெளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் அது ஓடும்போது உள்ளே இழுக்கும், நட்டு தளரும்.

திரும்ப மாட்டும்போது ஹப் முகத்தையும் சக்கரத்தின் உள்முகத்தையும் துருப் போகத் தேய்த்துவிடுங்கள், நடுவில் பெயிண்ட் பூசாதீர்கள். நட்டு நாலும் முதலில் கையால் ஓட வேண்டும். ஒன்றை முறுக்கினால் அடுத்து அதற்கு எதிரில் இருப்பது, இப்படி இரண்டு மூன்று தடவையாக ஏற்றி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு, முறுக்கை அளந்து கொடுக்கிற டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு ஒரு கிளிக். கிளம்புவதற்கு முன் பிரேக் பெடலை நாலு தடவை மிதித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் மிதி உள்ளே போய்விடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆறின சக்கரத்தில் இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் போடுங்கள். மலை இறங்கின சூட்டோடு முறுக்காதீர்கள்.

அலாய் வீல் போட்டவர்களுக்கு ஒன்று. நட்டு உட்காருகிற வடிவம் சக்கரத்துக்குச் சக்கரம் மாறும். ஹோண்டா கம்பெனிச் சக்கரத்தில் உருண்டையாக இருக்கும், வெளியே வாங்குகிறவை பெரும்பாலும் கூம்பு. பழைய நட்டையே போட்டு ஓட்டினால் ஓரத்தில் ஒரு கோடு மட்டும்தான் தொடும், எத்தனை முறை முறுக்கினாலும் தளரத்தான் செய்யும். நட்டைச் சுற்றிச் சிவப்பாகத் துருப்பொடி வழிந்த கோடு தெரிந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள்.

ஸ்கோடா, வோக்ஸ்வேகன் வைத்திருப்பவர்கள் இவ்வளவு நேரம் கேட்டுவிட்டு என் வண்டியில் ஸ்டட்டே இல்லையே என்பீர்கள். உங்களுக்கு வெளியிலிருந்து ஹப்புக்குள் திருகுகிற போல்ட். அது முறிந்தால் மிச்சத் துண்டு ஹப்புக்குள்ளேயே நிற்கும், நடுவில் துளை போட்டு எதிர்முறுக்கில் எடுக்க வேண்டும், துளை கோணினால் ஹப் மரை போயிற்று. முறுக்குகிற விஷயத்தில் நான் சொன்னது எல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.