30,031 என்ன எண்?

வணக்கம். நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகம் ஒன்றை ஒரு மாணவரோ மாணவியோ தானாகப் படிக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் வந்து, படித்ததை எனக்குக் கரும்பலகையில் சொல்லிக்காட்ட வேண்டும். இதைப் பற்றித்தான் பேச வந்தேன். மதிப்பெண் கிடையாது. நான் சொல்லித் தருவதும் கிடையாது. அதுதான் எனக்குக் கஷ்டம், வாத்தியார் வாய் சும்மா இருக்காதே!

இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதற்குப் பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தந்த நிரூபணத்தைப் படித்துவிட்டு வந்தாள். பகா எண் தெரியும்தானே? 2, 3, 5, 7 என்று போகுமே, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாதவை. அவை ஓரிடத்தில் முடிந்துவிடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பெருக்கி ஒன்று கூட்டுங்கள். அதைக் கையில் உள்ள எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். இதுவரை சரியாகச் சொன்னாள். அப்புறம், "அப்படின்னா, வரிசையா பெருக்கி ஒன்று கூட்டினா எப்பவும் பகா எண்தான் சார்" என்றாள்.

நுனி நாக்குக்கு வந்த பதிலை விழுங்கினேன். "போட்டுப் பாரம்மா."

2-ஐயும் 3-ஐயும் பெருக்கி ஒன்று கூட்டினால் 7. அடுத்து 5-ஐச் சேர்த்தால் 31. 7-ஐச் சேர்த்தால் 211. 11-ஐச் சேர்த்தால் 2,311. எல்லாமே பகா எண்! சாக்பீஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேசவில்லை.

அடுத்த வாரம் கதவருகே நின்றபடியே, "சார், 13-ஐச் சேர்த்தா 30,031. அது 59 தடவை 509!" என்றாள். நோட்டில் 17, 19, 23 என்று வகுத்து வகுத்து அடித்த கோடுகள், ஒரு பக்கம் முழுக்க.

"அப்போ யூக்ளிட் தப்பா?"

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். "இல்ல சார். 59 நம்ம பட்டியல்ல இல்லையே. அது புதுசுதானே?"

நான் முதல் வாரமே சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள். முன்பு ஒரு பையனுக்கு எல்லாவற்றையும் நானே விளக்கினேன். மூன்றே வாரத்தில் வருவதை நிறுத்திவிட்டான்.

சென்னை லயோலாவில் பாடம் நடத்திய பிரெஞ்சுப் பாதிரியார் ரசீனைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். பெரிய கணித அறிஞர்களான சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் இருவருமே அவர் மாணவர்கள். கணிதம் படிக்கும் மாணவர்களுக்காகப் பேராசிரியர் குமரேசன் 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடை முகாமும் இருக்கிறது. ஆனால் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறது என்று விரலைக் காட்டுகிறார்கள். எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? எண் கோட்பாட்டில், பக்கம் குறைவான ஒன்றாகப் பாருங்கள். வணக்கம்.