டிரெய்லர் கட்டினால் டீசல் எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வண்டி வேலை பார்க்கிறவனிடம் வருகிற புகார்களில், கேட்கும்போது சுலபமாகத் தோன்றி, இறங்கிப் பார்த்தால் நாள்கணக்கில் இழுத்தடிக்கிற ஒன்று உண்டு. "டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். பின்னால் டிரெய்லர் மாட்டினால் மைலேஜ் அடியோடு விழுந்துவிடுகிறது. என்னவென்று பாருங்கள்." இப்படி ஒருவர் வந்து நின்றால் நான் உடனே பானெட்டைத் திறக்க மாட்டேன். "டிரெய்லர் இல்லாமல் ஓட்டினால் எவ்வளவு கொடுக்கிறது?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. தலையைச் சொறிவார்.

அந்த ஒரு எண் இல்லாவிட்டால் எங்கே தேடுவது என்றே தெரியாது. வெறும் வண்டியிலேயே மைலேஜ் இறங்கியிருந்தால் கோளாறு வண்டியில் இருக்கிறது. வெறும் வண்டி பழையபடி கொடுத்து, இழுக்கும்போது மட்டும் முன்பைவிட மோசமாக விழுந்தால், ஒன்று டிரெய்லரைப் பார்க்க வேண்டும். அல்லது பாரம் ஏறினால் மட்டுமே தலைகாட்டுகிற கோளாறைத் தேட வேண்டும்.

அளப்பதற்கு டாஷ்போர்டில் தெரிகிற எண் போதாது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரை எவ்வளவு பீய்ச்சச் சொன்னோம் என்பதை வைத்து வண்டியின் கணினி போடுகிற கணக்கு அது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பதுதான் சரி. அதே பம்ப், வண்டி நிற்கிற அதே பக்கம், டீசல் அடிக்கிற கன் முதல்முறை தானாக நிற்கிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரு தடவை போதாது, மூன்று தடவையாவது எழுதிவையுங்கள். டயரைப் பெரிதாக மாற்றியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டயரின் சுற்றளவு 5 சதவீதம் கூடினால், 105 கிலோமீட்டர் ஓடியதை மீட்டர் 100 என்றுதான் காட்டும். டீசல் வீணாகவே இல்லை, கணக்குதான் தப்பு. இதற்கும் புகார் வந்திருக்கிறது.

சரி, கோளாறே இல்லாத வண்டியில் எவ்வளவு குறையலாம்? உயரமான பெட்டி டிரெய்லரை நெடுஞ்சாலை வேகத்தில் இழுத்தால் மைலேஜ் ஏறக்குறைய பாதியாவதில் ஆச்சரியம் இல்லை. "டிரெய்லர் காலிதானே, எடையே இல்லையே" என்பார்கள். கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும்தான் எடை பெரிதாகக் கேட்கும். சமதளத்தில் வேகம் பிடித்த பிறகு வண்டி சண்டை போடுவது பெரும்பாலும் காற்றோடு. அந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஆகவே எதையும் கழற்றுமுன் அதே சாலையில், அதே டிரெய்லரோடு, 80-ல் ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருடைய நோய் அதிலேயே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். அவர்களுக்கு அந்த வைத்தியம் பிடிக்காது, அது வேறு விஷயம்.

அடுத்து டிரெய்லர். இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். இன்ஜெக்டர்தான் என்று முடிவுகட்டி, நான்கையும் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினேன். குறை ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தன. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, டிரெய்லரைக் கொக்கியில் கோக்க இரண்டு பேர் தள்ளினோம். அசையவில்லை. இடது சக்கரத்தின் பிரேக், காலை எடுத்த பிறகும் விடாமல் கவ்விக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து டிரெய்லரின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறேன். நீங்களே செய்யக்கூடிய சோதனையும் இருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வண்டியை உருண்டு நிற்க விடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. டயர் காற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். டிரெய்லர் டயரை யாரும் கவனிப்பதில்லை.

இனி, பாரத்தில் மட்டும் தலைகாட்டும் கோளாறு. இதில் முதல் சந்தேகம், காற்றை அழுத்திக் கொடுக்கிற டர்போவிலிருந்து, அதைக் குளிரவைக்கிற இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகிற காற்றுக் குழாய்களின் மேல்தான். வெறும் வண்டியில் டீசல் இன்ஜினுக்குத் தேவைக்கு மேலேயே காற்று கிடைக்கும்; சின்ன ஓட்டை இருந்தாலும் தெரியாது. பாரம் இழுக்கும்போது டர்போ அழுத்திக் கொடுக்கிற காற்று முழுவதும் வேண்டும். அப்போது ஹோஸில் இருக்கிற கீறல் வாயைத் திறக்கும், இன்ஜினை அணைத்தால் மூடிக்கொள்ளும். நிறுத்திவைத்துப் பார்த்தால் ஹோஸ் புதுசு போல இருக்கும்! மேட்டில் ஏறும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம், இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, இவைதான் துப்பு. ஸ்கேனர் இருந்தால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, கணினி கேட்கிற பூஸ்ட் அழுத்தத்தையும் உண்மையில் கிடைப்பதையும் மேட்டில் ஏறும்போது ஒப்பிடச் சொல்லுங்கள்.

காற்று போதாவிட்டால் டீசல் முழுதாக எரியாமல் கரியாகும். பழைய வண்டி என்றால் கரும்புகையே காட்டிக்கொடுத்துவிடும். புகைக்கரி வடிகட்டி வைத்த புது வண்டியில் அதுவும் கிடையாது. கரி முழுவதும் வடிகட்டியில் போய்ச் சேரும். அது சீக்கிரம் நிறையும். நிறைந்ததும் அதை எரிக்க, புகைப்பாதையின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றுவதற்காக வண்டி கூடுதல் டீசல் செலவழிக்கும். அப்புறம் வடிகட்டிதான் கெட்டது என்று அதைக் கழற்றிக் கழுவுவார்கள். சில வாரத்தில் மறுபடி நிறையும். கிழிந்த ஹோஸ் அங்கேயே இருக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர், வேகம் பிடித்ததும் வழுக்காமல் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுற்றுகிற வேகம், வழக்கத்தைவிட மேலேயே நின்றால், டீசல் கியர்பாக்ஸ் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிளட்ச் வண்டியில், மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீரைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் இதற்கு நேர் எதிர். அது திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராது. ஆனால் பாரம் இழுக்கும்போது தானாகவே சூடேறிவிடும். அதனால் வெறும் வண்டியின் மைலேஜ்தான் அதிகம் அடிபடும். ஆரம்பத்தில் கேட்ட எண் இங்கேயும் உதவுகிறது.

ஏர் பில்டர், டீசல் பில்டர் எல்லாம் நீங்களே மாற்றிக்கொள்வீர்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜெக்டரை மாற்றச் சொன்னால் மட்டும், இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வழிகிற டீசலை அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். ஒர்க்ஷாப்புக்கு வரும்போது எழுதிவைத்த எண்களோடு வாருங்கள். டிரெய்லரையும் கட்டிக்கொண்டே வாருங்கள். அதை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

வணக்கம்.