எல்லை தாண்டி வந்த மழை

நண்பர்களே, குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் என்றதும் எல்லோரும் நார்வேயின் முதல் பெண் பிரதமர் என்றுதான் தொடங்குவார்கள். நான் அவர் டாக்டர் என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஹார்வர்டில் பொதுச் சுகாதாரம் படித்து, ஆஸ்லோவில் பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலப் பணியில் இருந்தவர். அந்தப் படிப்பு படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை வயிற்றுப்போக்கோடு வந்தால், அந்தத் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள்.

1974-ல் சுற்றுச்சூழல் அமைச்சரானார். தென் நார்வேயின் ஏரிகளில் மீன்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அமில மழை. அதில் பெரும்பங்கு நார்வேயின் ஆலைகளால் வந்ததல்ல. பிரிட்டனிலும் மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் எரித்த நிலக்கரியின் கந்தகம் காற்றோடு வந்து நார்வேயில் மழையாக இறங்கியது. மீன் சாவது நம் ஏரியில், புகைபோக்கி இருப்பது அடுத்தவர் ஊரில். சொந்த நாட்டுக்குள் எத்தனை சட்டம் போட்டு என்ன பயன்? பின்னால் ஐ.நா. ஆணையத்துக்குத் தலைமை ஏற்று, 1987-ல் 'நீடித்த வளர்ச்சி', அதாவது வருங்காலத் தலைமுறைக்குக் கேடு வராமல் இன்றைய தேவையைத் தீர்க்கும் வளர்ச்சி, என்ற சொல்லை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கு விதை அந்த ஏரிகளில் விழுந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

1981-ல் முதல்முறை பிரதமர். அந்த ஆட்சி சில மாதங்கள்தான் நின்றது. 1986-ல் திரும்பி வந்தபோது, 18 பேர் கொண்ட அமைச்சரவையில் 8 பேர் பெண்கள்! ஆணானாலும் பெண்ணானாலும் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று அவருடைய தொழிலாளர் கட்சி 1983-லேயே விதி வகுத்திருந்தது. விதி போடும் கட்சிகள் உண்டு; அதை அமைச்சர் நாற்காலி வரை கொண்டுபோக மனம் வேண்டும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒரு சட்டம். 1993-ல், அவர் ஆட்சியில், குழந்தை பிறந்தால் எடுக்கும் விடுப்பில் 4 வாரத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கினார்கள். அவர் எடுக்காவிட்டால் பொதுவாக அது கைவிட்டுப் போய்விடும். பிள்ளை பெற்றால் பெண்தான் வீட்டில் இருப்பாள் என்ற கணக்கில்தானே முதலாளி அவளை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்? அந்தக் கணக்கிலேயே கை வைத்தார்கள். இதுவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற வைத்தியம்தான்.

1998-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை. 2003-ல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் பரவியபோது, சீனா முன்பே தகவல் சொல்லியிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். அவ்வளவு பெரிய நாட்டைப் பார்த்து அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். ஜூலை 5 அன்று பரவல் கட்டுக்குள் வந்ததாக நிறுவனம் அறிவித்தது. அதே மாதம் பதவிக்காலம் முடிந்து விடைபெற்றார்.